சனியின் நாக்கு

"இது பாலம் தாண்டாது" என்று
வெளிக்கிடும்போதே சொன்னான் றெஜினோல்ட் மச்சான்.
நாவற்குழிப் பாலத்தின் நடுவில்
சூட்டு முள் சிவப்பைத் தொட்டது.
அவனுக்கு நாக்கில் சனி.
காருக்கோ பெயரே சனி,
நிசான் சனி, தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு,
நான் அதற்கு ஐந்தாவது சொந்தக்காரி.

றேடியேற்றர் காற்றாடி சுற்றவில்லை. அவ்வளவுதான் நோய்.
பற்றறியிலிருந்து நேரே இரண்டு வயர் கொடுத்தால்
மோட்டர் நல்லதோ கெட்டதோ தெரிந்துவிடும்.
அதற்கு முதலில் பிளக்கைக் கழற்ற வேண்டும்.
அந்த "முதலில்" என்ற சொல்லுக்குள்
ஒரு சனிக்கிழமை போயிற்று.

குருநகர்க் கடற்காற்று எதையும் சும்மா விடாது.
யன்னல் கொழுக்கி, சைக்கிள் மணி, மாதா கூட்டின் பூட்டு
எல்லாவற்றையும் ஒருமுறை நக்கிப் பார்க்கும்.
இந்தப் பிளக்கை முப்பது வருடம் நக்கியிருக்கிறது.
பம்பருக்குப் பின்னால்
மணிக்கட்டோடு கை நின்றுவிடுகிற சந்து.
கண் போகாது, விரல்தான் கண்.
ஒரு பக்கத்தில் நாக்கு இருக்கும், அமத்தினால் விடும்.
எந்தப் பக்கம்?

இழுத்தேன்.
வளையல் போடாத கையில் வளையலாய்ச் சிராய்ப்பு.
ஸ்க்றூட்றைவர் நுனியால் நெம்பினேன்,
சுடுதண்ணித் துணியால் ஒத்தினேன்,
துருநீக்கி அடித்துவிட்டுப் பத்து நிமிடம்
ஒன்றும் செய்யாமல் இருந்தேன், அதுதான் கடினம்.
கொடுத்த கடனைக் கேட்கப்போன வீடுகளில்
கண்டிருக்கிறேன் இப்படி இறுகிய வாயை.

மச்சான் மதிலில் சாய்ந்து சோடா குடித்தான்.
"வெட்டி எறி. புதுசு போடுவம்."

வெட்டலாம்.
ஆனால் மருந்துக்கடையில் பன்னிரண்டு வருடமாய் நிற்கிறேன்.
பிள்ளைகள் திறக்கக்கூடாதென்று செய்த மூடிகளை
நாரி பிடித்த கிழவர்களுக்காக
நாளைக்கு இருபது தடவை திறக்கிறேன்.
அமத்திவிட்டுத் திருக வேண்டும்.
திறக்கிற அவசரத்தோடு வருபவனுக்கு அது திறக்காது.

எனவே இழுப்பதை விட்டேன்.
பிளக்கை இன்னும் உள்ளே, மோட்டரை நோக்கியே தள்ளினேன்.
ஒரு மயிரளவு இளகியது.
நாக்கைத் தேடிய விரலில்
நாக்கு இல்லை.
வழுவழுப்பாய் ஏதோ நூல்.

கைப்பைக் கண்ணாடியைச் சந்துக்குள் நீட்டினேன்,
போனை வாயில் கவ்வி வெளிச்சம் அடித்தேன்.
தங்கூசி.
நாக்கு எப்போதோ முறிந்துவிட்டது.
எனக்கு முன்பிருந்த நான்கு பேரில் யாரோ ஒருவர்
மீன்பிடிக்கிற தங்கூசியால்
பிளக்கை மோட்டரோடு வரிந்து கட்டியிருக்கிறார்,
ஒன்பது சுற்று, எண்ணினேன்.
இவ்வளவு நேரமும்
இல்லாத ஒரு நாக்கோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

"தங்கூசியோ?"
சோடாப் போத்தல் மதிலில் ஏறியது.
கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தான்.
"இது எங்கட முடிச்செல்லே!"
அவன் கை சந்துக்குள் போகாத தடிப்பு.
சப்பாத்துக் கயிற்றை உருவி
அதே முடிச்சை என் முகத்துக்கு நேரே போட்டுக் காட்டினான்.
"இழுத்தா இறுகும். இந்த வளையத்தை உள்ளுக்குத் தள்ளு."

அவனுமா?

கயிற்றைப் பார்த்துக்கொண்டு
காணாத முடிச்சைத் தள்ளினேன்.
நகம் ஒன்று போயிற்று.
பிறகு ஒரு சின்ன "டக்".
பிளக் கையோடு வந்தது,
பித்தளைப் பற்களில் பாசி நிறத்தில் களிம்பு.

மோட்டரில் பிழையே இல்லை. வயரைத் தொட்டதும்
எங்கள் இருவர் முகத்திலும்
முப்பது வருடத் தூசியை வாரி ஊதியது.
பழைய பல் பிறஷ்ஷால் தேய்த்து,
கிறீஸ் தொட்டு, திரும்பப் பூட்டி,
அதே தங்கூசியால் கட்டினேன்.
உருவுசுருக்கு. வால் நீளமாய் விட்டு,
நுனியில் சிவப்பு ரேப்.
ஆறாவது ஆளின் விரலுக்கு
அது முதலில் தட்டுப்பட வேண்டும்.

மாலை. நாவற்குழிப் பக்கம் திருப்பினேன்.
முள் பாதியில் நிற்கிறது.
பாலம் தெரிகிறது.
பக்கத்து இருக்கையில் மச்சான்
ஏதோ சொல்ல வாயெடுக்கிறான்.

"அமத்து" என்றேன்.